சூடு தெரியாத பாதங்கள்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து தினமும் எம்ஆர்டி ரயில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குப் போய்வரும் பிரிஜட்டுக்கு வயது ஐம்பத்து நான்கு. பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே உதவியாளர் வேலை. அப்படி என்னதான் செய்கிறாய் என்று மாதா கோயிலில் பூசை முடிந்து யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்.

"செல்லுக்குள்ள ஆர்டர் போகும். அது போய்ச் சேராம கிழிச்சுப் போடுறோம்."

உண்மையும் அதுதான். இன்ன புரதத்தைச் செய் என்று மரபணுவிலிருந்து ஆர்என்ஏ என்னும் செய்தி கிளம்பும். எதைப் படிப்பது, எதை அழிப்பது, கோணலாக மடிந்த புரதத்தை எப்போது அப்புறப்படுத்துவது என்பதையெல்லாம் உயிரணு தானே பார்த்துக்கொள்ளும். அது தவறினால் நோய். குட்டி ஆர்என்ஏ ஒன்றை உள்ளே அனுப்பி, கெட்ட செய்தியை மட்டும் அழிக்கப் பார்ப்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. தட்டில் வளரும் உயிரணுக்களுக்கு ஒரு குறையும் வராமல் பிரிஜட் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் அவற்றுக்குச் சாப்பாடு மாற்றுவாள்.

அவளுடைய இரண்டு கைகளும் மரத்துப்போனபோது, நாள் முழுக்கத் திரவம் உறிஞ்சும் பிப்பெட் குழாயை அமுக்குவதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். மணிக்கட்டுகளில் அறுவை சிகிச்சை நடந்தது. வெட்டியெடுத்த சதைத் துணுக்கு குப்பைக்குப் போனது. ஆயிரக்கணக்கான குழாய்களில் பெயர் எழுதி உறைய வைத்தவளுக்கு, தன் சதையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லலாமே என்று தோன்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றாள். கடைக்காரர் முகம்மது யூசுப் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் ஒற்றைச் செருப்பு.

"அக்கா, இத விட்டுட்டு வந்துட்டீங்க."

"என்னோடது இல்லையே."

"கீழ பாருங்க லா."

பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலியே இல்லை.

நரம்பு மருத்துவர் சாமுண்டீஸ்வரிக்கு அவளுக்கு மகளாகும் வயதுதான் இருக்கும். மரபணுச் சோதனையின் முடிவு வந்ததும் ஒரு தாளில் கல்லீரலை வரைந்தார்.

"ஆன்ட்டி, உங்க லிவர் செய்ற ஒரு புரோட்டீன் சரியா மடிய மாட்டேங்குது. ரத்தத்துல போய் நரம்புல படியுது. கை மரத்ததும் அதனாலதான். இதுக்கு இப்ப இன்ஜெக்‌ஷன் இருக்கு. ஆர்என்ஏன்னா என்னான்னு தெரியுமா? ஒரு மெசேஜ் மாதிரி."

பிரிஜட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஊசியில் போகும் குட்டி ஆர்என்ஏவுக்கு இரண்டு இழை வரைய வேண்டிய இடத்தில் டாக்டர் ஒன்றுதான் வரைந்தார். அதையும் அவள் சொல்லவில்லை. கூட வந்திருந்த கணவர் அருளானந்தத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"டாக்டர், இவ இருபது வருஷமா லேப்ல இதத்தான் செய்றா."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்புறம் ஏன் ஆன்ட்டி இவ்ளோ லேட்டா வந்தீங்க?"

பிரிஜட் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பரம்பரையாக வரும் நோய் அது. உடன்பிறந்தவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். கேலாங்கில் இருக்கும் தம்பி எலைஜாவிடம் போய்ச் சொன்னாள். அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, அப்பா பேச்சு வந்ததும் முகம் மாறிவிட்டது. காலஞ்சென்ற அவர்களுடைய அப்பா மாதா திருவிழா தோறும் மத்தியான வெயிலில், கொதிக்கும் தாரில், வெறுங்காலோடு தேருக்கு முன்னால் நடந்தவர். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பங்குக் கோயிலில் அவரை அரைப் புனிதராகவே வைத்திருந்தார்கள்.

"அப்பாவுக்குச் சூடே தெரிஞ்சிருக்காது எலைஜா."

"அவரு பக்திய சீக்குன்னு சொல்றியா அக்கா?"

"ரெண்டும் இருந்திருக்கலாம்ல."

"எனக்கு டெஸ்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ கெளம்பு."

எட்டு மாதம் அவன் பேசவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிஜட் ஊசி போட்டுக்கொண்டாள். அவளுடைய கல்லீரலில் கெட்ட செய்தி ஒழுங்காக அழிந்தது. ரத்தப் பரிசோதனையில் அந்தப் புரதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆய்வுக்கூடத் தட்டுகளில் அதே காரியம் அந்த வருடம் ஒருமுறைகூட உருப்படவில்லை. மேலதிகாரி ரகுபதி உயிரணுக்களைக் குறைசொன்னார்.

மனைவி மிரண்டாவின் நச்சரிப்புத் தாங்காமல் எலைஜா கடைசியில் சோதனை செய்துகொண்டான். முடிவு வந்த அன்று போன் செய்தான்.

"எனக்கு இல்லையாம்."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

பிறகு, "ரெண்டு பிள்ளைல அப்பா உனக்குத்தான் குடுத்திருக்காரு," என்றான். குரலில் மெய்யான மனத்தாங்கல் இருந்தது.

பிரிஜட்டுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அடுத்த ஊசிக்கு எலைஜாதான் காரில் அழைத்துப் போனான். அவளுடைய கை கால்கள் பழையபடி ஆகவில்லை. மேலும் கெடவும் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் அக்காவுக்குப் பசிக்குமே என்று பிராட்டா ரொட்டி வாங்கி வந்தவன், பேச்சு மும்முரத்தில் முக்கால்வாசியை அவனே தின்றுவிட்டான்.