பூச்சி மருந்து ரிக்கார்டில் ஒரு தும்மல்

சினிமாப் பாட்டு ரிக்கார்டு வேண்டுமென்றால் என்னிடம் வராதீர்கள். அதைச் சேர்க்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். என் சரக்கு வேறு. தேர்தலில் டெபாசிட் இழந்த வேட்பாளர் ஓட்டுக் கேட்டுப் பேசியது, டைப்ரைட்டிங் பழகுகிறவர்கள் தாளத்துக்கு விரலை ஓட்டப் போட்ட வாத்தியம், கோழி வளர்ப்புப் பாடம், இப்படி எதை யாரும் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்களோ அதுதான் எனக்கு வேண்டும். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. இதையும் ஒரு மனுசன் மெனக்கெட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறானே, அவன் யார், அன்றைக்கு என்ன சாப்பிட்டுவிட்டு வந்தான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தறி மோட்டாரும் வரும், கிணற்று மோட்டாரும் வரும். வீட்டில் ஓர் அறை முழுக்க ரிக்கார்டுதான். "இந்தத் தட்டுல சோறு போட்டுத் திங்க முடியுமா?" என்பாள் மனைவி. முடியாது, நடுவில் ஓட்டை இருக்கிறதே என்பேன். அன்றைக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

போன வருடம் வீரசோழனிலிருந்து ஒரு பாய் கூப்பிட்டார். முன்பு கலியாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டியவர். வெள்ளையடிக்கப் பரணை ஒழித்திருக்கிறார். "பாட்டெல்லாம் ஒரு மதுரைக்காரரு அள்ளிட்டுப் போயிட்டாரு. ஒங்களுக்குன்னு குப்பையத் தனியா எடுத்து வச்சிருக்கேன், வாங்க" என்றார். குப்பை என்றதும் எனக்குக் கோபம் வரவில்லை, நாக்கில் எச்சில் ஊறியது.

அந்தக் குவியலில் சின்ன ரிக்கார்டு ஒன்று கிடந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் வெறும் வெள்ளை. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. "இது என்ன பாய்?" என்று கேட்டேன். "யாரு கண்டா? மொத்தமா வாங்குன சரக்குல வந்திருக்கும். நான் போட்டே பார்த்ததில்ல" என்றார். வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல் போட்டேன்.

பூச்சி மருந்து விளம்பரம். பருத்தியில் பூச்சி விழுந்துவிட்டது என்று ஓர் அப்பா புலம்புகிறார். நாடகக்காரக் குரல், வரவழைத்த கிராமத்துப் பேச்சு, கேட்கச் சகிக்கவில்லை. அவருக்குப் பதில் சொல்லும் மகள் மட்டும் அசல். "கவலப்படாதிகப்பா, நான் போயி மருந்து வாங்கிட்டு வாரேன்" என்கிறாள். எங்கள் பக்கத்துப் பிள்ளை என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அடுத்துப் பொட்டலத்தைக் கிழிக்கும் சத்தம். அதற்கடுத்து ஒரு தும்மல். சாதாரணத் தும்மலா அது! இழுத்து, உடைந்து, கடைசியில் "ம்மா" என்று முடிந்தது. யாரோ சிரிப்பை அடக்குவதும் கேட்டது. பிறகு பிள்ளை ஒன்றும் நடக்காதது போல மீதி வசனத்தைச் சொல்லி முடித்தது.

எனக்குத் தூக்கம் போயிற்று. மருந்துப் பொட்டலத்தைப் பிரித்ததும் பிள்ளை தும்முகிற விளம்பரத்தை எந்தக் கம்பெனிக்காரன் வெளியே விடுவான்? அந்தப் பிள்ளை யார்? மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம், உங்கள் ஊரில் யாராவது ரிக்கார்டில் பேசியிருக்கிறார்களா என்று கேட்க ஆரம்பித்தேன். தும்மலைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதைச் சொல்லிவிட்டால் ஆளாளுக்கு நான்தான் தும்மினேன் என்று வந்து நிற்பார்கள். நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஒரு கிணற்று மோட்டாரை மாட்டிக் கொடுக்கப் பரளச்சி போனபோது டீக்கடையில் இதையே கேட்டேன். கடையே சிரித்தது. "இருக்காகளே, ரிக்கார்டக்கா! அந்தா, ரெண்டாவது சந்துல தையல் மிஷின் போட்டிருக்காக. போங்க, போயிக் கேளுங்க" என்று ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். கேலிக்குத்தான் அனுப்புகிறார்கள் என்று புரிந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

அறுபதைத் தாண்டிய அம்மா. ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் ரிக்கார்டு என்று வாயெடுத்ததும் மிஷினை நிறுத்திவிட்டுக் கத்திரியோடு எழுந்தார்.

"எவன் அனுப்புனான் ஒன்னைய? டீக்கடைக்காரனா? வேல வெட்டி இல்லாத பயலுக. போயிரு, கத்திரியத் தூக்கி எறிஞ்சிருவேன்."

"இல்லக்கா, நெசமாவே ஒரு ரிக்கார்டு கெடச்சிருக்கு. பூச்சி மருந்து ரிக்கார்டு. ஒரு பிள்ளை பேசுது."

அவர் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார். "அதுல தும்மல் இருக்கா?"

நான் யாரிடமும் சொல்லாத தும்மல்! இருக்கு என்று தலையை ஆட்டினேன். அந்த அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, "ஆத்தாடி, ஆத்தாடி" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மெதுவாகக் கதை வந்தது. பயப்படாமல் வாசிக்கிற பிள்ளை வேண்டுமென்று கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் இவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார்கள். டீச்சர் இவரைக் காட்டியிருக்கிறார், அவரே மெட்ராசுக்கும் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே, கிழிக்கிற சத்தம் அசலாக வர வேண்டும் என்று நிஜமான மருந்துப் பொட்டலத்தையே மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கிழித்தார்களாம். "பொடி பறந்து மூக்குல ஏறிருச்சு. தும்மாம என்ன செய்வேன்? நல்லாப் பேசுனன்னுதான் சொல்லி அனுப்புனாக" என்றார்.

ரிக்கார்டு சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்குப் போடுவார்கள் என்று தெரிந்ததும் அப்பா, அண்ணன், சொந்தபந்தம் எல்லோருமாகத் திருச்சுழிக்குப் போயிருக்கிறார்கள். விளம்பரமும் வந்திருக்கிறது. அதே வசனம், அதே நாடகக்கார அப்பா குரல். பேசியது வேறு பிள்ளை! மேற்கொண்டு நான் கேட்கவே வேண்டியதில்லை. தும்மல் விழுந்ததைத் தள்ளிவிட்டு, வேறொரு பிள்ளையை வைத்துத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தள்ளியதில் ஒன்று எப்படி வீரசோழன் பரணுக்கு வந்தது என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அந்த டீச்சரும் மாத்தலாகிப் போயிட்டாக. எனக்குச் சாட்சி சொல்ல யாரு இருக்கா? அன்னைலருந்து நான் ரிக்கார்டு. காய்ச்சல்னு சொன்னா ரிக்கார்டு. கடைக்காரன் சில்லறையக் கொறச்சுக் குடுத்துட்டான்னா ரிக்கார்டு. வாயத் தொறந்தாலே பொய்யின்னு ஆயிப்போச்சு. எங்கண்ணந்தான் மொதல்ல ஆரம்பிச்சுவச்சாக."

போனில் பதிந்து வைத்திருக்கிறேன், கேட்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "நான் பேசுனது எனக்குத் தெரியாதாக்கும்? எங்கண்ணன் கேக்கணும். அந்த ரிக்கார்டையே கொண்டாந்து, அவுக கண்ணு முன்னாடி சுத்தவிட்டுக் காட்டணும். போன்ல காட்டுனா அதுலயும் ஏதோ சித்து வேலன்னுருவாக."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி பிளேயரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டு வாசலில் மக்காச்சோள மூட்டைகள் அடுக்கியிருந்தன. எழுபது தாண்டியவர், வெள்ளை மீசை, கறாரான ஆள். "வேல மெனக்கெட்டு இதுக்கா வந்தீக?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். டீக்கடைக் கூட்டம் முழுவதும் எங்கள் பின்னாலேயே வந்து நின்றது. அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது தங்கச்சி குரல் இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டால் இந்த அம்மா அப்புறம் ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கலாம்.

முள்ளை வைத்தேன். அப்பா புலம்பினார். மகள் பேசினாள்.

"ஏதோ சின்னப்புள்ள. எந்தூருப் புள்ளையோ" என்றார் அண்ணன். "கொட்டகையில நாங்க காதால கேட்டோம்ல. இவ இல்ல."

பொட்டலம் கிழிந்தது. தும்மல் வந்தது.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத இன்னொருக்கா வையிங்க" என்றார். வைத்தேன். காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். திரும்பவும் வைக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒருவன் இளித்தான். "ஏலே, சும்மா இருலே" என்று ஓர் அதட்டல் போட்டார்.

"எங்காத்தா இப்படித்தான் தும்மும்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "இழுத்து ஒண்ணு, ஒடச்சு ஒண்ணு, கடைசியில ஒரு ம்மா. எனக்கும் அப்படித்தான் வரும். எங்க வீட்டத் தவிர இந்த வட்டாரத்துல எவனுக்கும் இந்தத் தும்மல் கெடையாது." பிறகு தங்கையைப் பார்த்தார். "நீதான்த்தா இது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். டீக்கடைக்காரர் விசிலடித்தார். அந்த அம்மா அழுவார், இல்லை அண்ணனை நாலு கேள்வி நறுக்கென்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் தூணை விட்டுவிட்டு அண்ணனுக்கு எதிரில் வந்து நின்றார்.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்லத்தா."

"கலியாணத்துக்கு முந்தி ஒங்ககிட்ட வந்து சொன்னேன். மாப்பிள்ள சாராயக் கடையில விழுந்து கெடந்தத என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், வேணாம்ணேன்னு சொன்னேன். ரிக்கார்டு போடாத, போயி மாலைக்குத் தலையக் குனின்னு சொன்னீக. குடிச்சுக் குடிச்சு நெலத்தையும் அழிச்சு, அவரும் போயிச் சேந்துட்டாரு. அன்னைக்கு நான் சொன்னது நெசமா, பொய்யாண்ணே?"

அண்ணன் ரிக்கார்டைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். உள்பக்கம் திரும்பி, "தங்கச்சிக்குக் காப்பி கொண்டாங்க" என்று சத்தம் கொடுத்தார்.

"காப்பி இருக்கட்டும். நீங்க சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.