ஓரத்தில் வந்த சைக்கிள்

மந்தைவெளிக்கும் தியாகராய நகருக்கும் இடையே பதினெட்டு வருஷமாக பஸ் ஓட்டி பஞ்சாட்சரத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. எழுபத்து நாலாம் வருஷக் கோடையில், லஸ் முனையில் திரும்பும்போது இடப்பக்கம் வந்த சைக்கிள்காரர் மீது பஸ் உரசியது. முழங்கைச் சிராய்ப்போடு ஆள் தப்பினார். ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"இன்னா அண்ணே, எம்மா நேரமா பக்கத்துலயே வந்துகினு இருந்தான். நான் விசில்கூட அடிச்சேன்," என்றார் கண்டக்டர் உமர் ஃபாரூக்.

"நெசமா தெரியலப்பா."

"கண்ணைக் காட்டிடு அண்ணே."

"கண்ணுக்கு இன்னா? தோ, அந்த போர்டுல கீற பொடி எழுத்தைக்கூட படிப்பேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் பஸ்ஸை ஊர விட்டார். வேலைக்குச் சேர்ந்தபோது கண்ணைக் காட்டியதுதான். அதற்குப் பிறகு வேளை வரவில்லை.

மறுநாள் மனைவி சீதாவோடு ஆஸ்பத்திரியில் பாதி நாள் காத்துக் கிடந்தார். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு டாக்டரம்மா ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிரே தொங்கிய கறுப்புத் துணியின் நடுப்புள்ளியைப் பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் குண்டூசியை நகர்த்தி வந்தார்.

"தெரிஞ்சதும் சொல்லுங்க."

பஞ்சாட்சரம் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற சீதா தாங்காமல், "அதோ வருதே!" என்றாள். நடுப்புள்ளியை நெருங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"கிளாக்கோமா. கண்ணுக்குள்ள ஊறுற நீர் சரியா வடியாம அழுத்தம் ஏறி, மூளைக்குப் போற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுருக்கு. முதல்ல ஓரப் பார்வை போகும். வலிக்காது. இல்லாத இடத்தை மூளையே நிரப்பிக்கும், உங்களுக்கே தெரியாது."

"போனது வருமா?"

"வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். வருஷாவருஷம் காட்டியிருந்தா அப்பவே பிடிச்சிருக்கலாம்."

டிப்போவில் அவரே போய்ச் சொன்னார். ஸ்டியரிங்கை விட்டு ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். தினமும் நாலு வேளை சொட்டு மருந்து. விட்டதும் புருவம் வலிக்கும், உலகமே மங்கும். அலுத்துப்போய் ஒரு வாரம் நிறுத்தினார். சீதா அழுததும் மறுபடி விட்டுக்கொண்டார்.

இது கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தம்பி கபாலி லாரி ஓட்டுபவன். "எனக்கு ஒண்ணும் கெடையாது, போ நைனா," என்று கத்தினான். பஞ்சாட்சரம் மூன்று நாள் காலையில் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் அவன் வாசலில் உட்கார்ந்தார். நாலாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

அவனுக்கும் அழுத்தம் ஏறியிருந்தது. ஆனால் பார்வை ஓரம்வரை முழுசாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் கபாலி மருந்துச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். பஞ்சாட்சரம் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.