கடலைப் பொட்டலத்தில் மூன்றாம் வகுப்பு

பென்னலூர் தாயாரம்மாளிடம் எதையும் விற்றுவிட்டு நிம்மதியாகப் போன ஆள் கிடையாது. உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பாள், சில்லறையைக் கல்லில் தட்டிப் பார்ப்பாள். புருஷன் போன பிறகு ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் வறுகடலை விற்றுப் பிழைத்தவள். ஏமாந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. சந்தேகப்படாமல் என்ன செய்வாள், பாவம்?

வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். மகள் ரங்கநாயகி மூன்றாம் வகுப்புத் தெலுங்குப் பிரிவில் படித்தாள். அது எழுபத்து நாலாம் வருஷம், எங்கு பார்த்தாலும் காகிதப் பஞ்சம். ஆடி பிறந்தும் தெலுங்குப் புத்தகம் வந்தபாடில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தமிழ்ப் பிரிவுக்கு நழுவின. இப்படியே போனால் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. தாயாரம்மாளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. மகள் தங்கள் பாஷையைக் கூட்டிக்கூட்டிப் படிப்பதைக் கேட்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த சுகம். அதுவும் போய்விடும் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பழைய பேப்பர்க் கடைத் தாண்டவராயன் ஒரு கட்டுக் கொடுத்தான். பிரித்தால் மொடமொடவென்று புதுத் தாள், தைக்காமல், ஒரே பக்கத் தாளெல்லாம் ஒரே அடுக்காக. பழைய பேப்பரில் ஏது மை வாசனை? மூக்கைச் சுளித்தாலும், மேலே இருந்த பாதிக் கட்டைப் பொட்டலம் மடித்து விற்றுவிட்டாள். பள்ளி விட்டு வந்த ரங்கநாயகி ஒரு தாளைப் பார்த்துக் கத்தினாள். "யம்மா, இது எங்க பாடம்மா!"

அடப்பாவி! சந்தேகம் நேரே தெலுங்குப் பிரிவுச் சுப்பிரமணி வாத்தியார் மேல் பாய்ந்தது. வந்த புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டு, வரவில்லை என்று நாடகமா ஆடுகிறான்? மறுநாள் அவர் கடலை கேட்டபோது, வேண்டுமென்றே அந்தத் தாளில் மடித்துக் கொடுத்தாள். கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். தின்று முடித்துத் தாளைப் பிரித்தவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மாட்டிக்கிட்டான் என்று நினைத்தாள்.

சாயங்காலம் அவரே வந்தார். "மிச்சக் கட்ட குடும்மா."

"எதுக்கு சார்? கொளுத்திட்டு கைய கழுவவா?"

"என்னையா சந்தேகப்படறே?" அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். "கல்வி ஆபீசுக்கு நடையா நடந்துட்டேன். அச்சடிச்சாச்சு, அனுப்பியாச்சு, செலவும் எழுதியாச்சு, புத்தகம் உங்க பள்ளிக்கூடத்துலதான் கீதுன்றாங்க. பாரு, இத இன்னும் தைக்கவே இல்ல! தைக்காத புத்தகம் எப்டிம்மா பள்ளிக்கூடம் வரும்? அச்சாபீஸ்லேருந்தே எடைக்குப் போயிருக்கு."

தாயாரம்மாள் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், ஊசித் துளையே இல்லை. கட்டைக் கொடுத்தாள். ஆனாலும் விட்டாளா? கோணி ஊசியோடு அவர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து தைத்து முடிக்கும்வரை எதிரிலேயே குந்திக்கொண்டு அவர் கையையே பார்த்திருந்தாள்.

முதல் புத்தகம் ரங்கநாயகி கைக்கு வந்தது. கிணற்றில் விழுந்த நரியின் கதை. அவள் கூட்டிக்கூட்டிப் படிக்க, தாயாரம்மாளுக்குக் கண் கலங்கியது. நரி மேலே பார்த்துக் கூப்பிடுகிற இடத்தில் தாள் முடிந்தது. ரங்கநாயகி அடுத்த புத்தகத்தை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். எல்லாம் அந்த இடத்தோடு நின்றன.

"அப்பால நரி இன்னாச்சும்மா?"

தாயாரம்மாள் ரோட்டைப் பார்த்தாள். கட்டின் மேல் பாதியில் இருந்த மீதிக் கதை முழுக்க முந்தின நாளே கடலையோடு காஞ்சிபுரம் பேருந்தில் ஏறிப் போயிருந்தது.