நான்கு விரல் பாக்கி

வீட்டில் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டவரும் மதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் சட்டம் போட்டதும் அப்பா, மீறியதும் அப்பா. இருபது வருடம் ஓடிவிட்டது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே கொடியைப் படரவிட்ட பந்தல். பெரியவர்கள் அதற்குள் குனிந்துதான் நடக்க வேண்டும். நிமிர்ந்தால் தலை குலையில் இடித்துப் பழத்தின் மேல் மாவு மாதிரி படிந்திருக்கும் சாம்பல் பூச்சு கலைந்துவிடும், வாங்க வந்த வியாபாரி முகத்தைச் சுளிப்பார். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏதாவது சேட்டை செய்துவிட்டால் நேராகப் பந்தலுக்குள் ஓடிவிடுவேன். குனிந்துகொண்டே துரத்துகிறவரிடம் எந்தப் பையனும் மாட்டுவதில்லை. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

அண்ணன் தலை குலையில் இடிக்க ஆரம்பித்த வருடம்தான் அவனைத் தேனியில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். முதல் லீவுக்கு வந்தவன் தன் சட்டையைத் தானே மடித்து வைத்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். பந்தலுக்குள் விளையாடக் கூப்பிட்டால், "நீ போ, நான் படிக்கணும்" என்றான். போன லீவு வரைக்கும் அழுகுணி ஆட்டம் ஆடியவன் இவன். யாரோ விருந்தாளி வந்து அண்ணன் பாயில் படுத்திருந்த மாதிரி இருந்தது.

"ஒனக்கும் தலை குலையில இடிக்கட்டும்டா, ஹாஸ்டல்தான்" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னார். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

ஆகவே வளரக்கூடாது என்று முடிவு செய்தேன். முட்டையைப் பூனைக்குப் போட்டேன். பாலைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். தினமும் சாயங்காலம் தாழ்ந்த குலை ஒன்றின் அடியில் நின்று, உச்சந்தலைக்கும் பழத்துக்கும் நடுவில் கையை வைத்து அளந்தேன். நான்கு விரல் இடைவெளி இருந்தது.

இதையெல்லாம் விட உறுதியான வழி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. படுத்திருக்கும் பிள்ளையை யாராவது தாண்டினால் அந்தப் பிள்ளை வளராது. தாண்டியவர் அதே வழியில் திரும்பித் தாண்டிவிட்டால் தோஷம் போய்விடும். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. கோடை லீவு முழுக்க நான் அடுப்படி வாசலை மறித்துக் கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

என்ன பிரயோசனம்? அம்மா விடவில்லை. சித்தப்பா ஒரு தடவை செல்போனில் லாரிக்காரரோடு கத்திக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "தம்பி, பிள்ளையத் தாண்டிட்டுப் போறீகளே, திரும்பி வந்து தாண்டுங்க" என்று அடுப்புப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. மனுசன் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. வந்து, திரும்பித் தாண்டி, அப்புறம் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அப்பாவையும் அம்மா அப்படித்தான் திருப்பி அனுப்பினாள். அவளே அவசரத்தில் தாண்டினாலும் இரண்டடி போனதும் நின்று, திரும்பி வந்து தாண்டிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். எனக்கு எதிரி வேறெங்கும் இல்லை, அடுப்படியில் நின்று தோசை சுடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு முடியப் போகிற சமயம் அப்பா ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டதாம். நான் அவர் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு போய், குலைக்கு அடியில் நிமிர்ந்து நின்று காட்டினேன்.

"இங்கன பாருங்க. நாலு விரல் பாக்கி இருக்கு."

"அதுக்கு?"

"இடிச்சாத்தான் ஹாஸ்டல்னு சொன்னீக."

அவருக்கு நினைவே இல்லை. "ஏலே, ஆறாங்கிளாஸ் வந்துருச்சுல்ல" என்றார், குனிந்தபடியே. அதுதான் பதில். ஒரு பையன் ஒரு கோடை முழுக்க முட்டை தின்னாமல் காப்பாற்றிய நான்கு விரலுக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மதிப்பு.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டி முன்வாசலில் இருந்தது. அப்பா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். புதுச் சட்டையோடு நான் கடைசியாக ஒரு தடவை அடுப்படி வாசலில் படுத்தேன். முன்பக்கமிருந்து முறுக்கு டப்பாவோடு வந்த அம்மா என்னைத் தாண்டி உள்ளே போனாள். இரண்டடியில் வழக்கம்போல நின்றாள். அரைக்கண்ணால் பார்த்தேன். அவள் பாதங்கள் என் பக்கம் திரும்பி நின்றன. நெடுநேரம் நின்றன. அப்புறம் அவை கொல்லைக் கதவுப் பக்கம் போயின. தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். "எந்திரி சாமி, நேரமாச்சு" என்றாள். டப்பா அவள் கையிலேயே இருந்தது.

மறந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆட்டோவில் சிரித்துக்கொண்டே போனேன்.

அடுத்த வருடம் முழுப்பரீட்சை லீவுக்கு வந்த அன்றே பந்தலுக்குள் ஓடினேன். நான்காவது எட்டில் நெற்றியில் குலை மோதியது. பழம் உதிர்ந்து சட்டைக்குள் விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மா முன்னால் நின்றேன்.

"நான் பாக்காதப்ப நீ திரும்பித் தாண்டிட்ட."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்ட பேண்ட்டைப் பார்த்தாள்.

"இல்லய்யா. நான் தாண்டல. சுத்தித்தான வந்தேன்" என்றாள்.

நான் நம்பவில்லை. பொய் சொல்கிறாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தோசையைக்கூட அண்ணனைத்தான் வாங்கிவரச் சொன்னேன். நான் வளரக்கூடாது என்று நினைத்தது அந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும்தான் என்று அன்று எனக்கு அவ்வளவு உறுதி.