காக்கு எடுத்த போன்

பட்டம் வாங்கிய பிள்ளைக்கு முதல் வேலை கிடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று யாராவது கேட்டால், எதிலிருந்து எதுவரை எண்ண வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். ரயில்வேயில் சரக்கு வண்டிகளின் வேகன்களை எண்ணிக் குறித்தே பென்ஷன் வாங்கியவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. என் மகன் விஷயத்தில் மட்டும் கணக்கு இன்னும் நேராகவில்லை.

இரண்டாயிரத்தொன்றில் அவன் இன்ஜினியரிங் முடித்தபோது கையில் வேலை இருந்தது. நாங்கள் இருந்த மராத்தி ஊரின் மறுகோடியில், பாணேரில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கல்லூரிக்கே வந்து அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. சேரும் தேதியைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். மழை போயிற்று, தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. கோர்படியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். எங்களைத் தவிர பதினொரு வீட்டிலும் ஒரே கேள்வி, பையன் என்ன செய்கிறான் என்று.

ஜூனில் அடுத்த பேட்ச் வெளியே வந்துவிட்டால் தன்னைச் சீந்தமாட்டார்கள் என்று அவனுக்குப் பயம். சும்மா உட்கார்ந்த பையன் அப்படியே உட்கார்ந்துவிடுவான் என்று எனக்குப் பயம். மார்ச்சில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, போசரியில் பம்புக்குப் பாகங்கள் செய்கிற சின்னப் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்த்துவிட்டேன்.

"அங்க சேர்ந்தா நான் ஃப்ரெஷர் இல்லப்பா. பாணேர்ல எடுக்கமாட்டான்."

"கொஞ்சம் சர்வீஸ் இருந்தா இன்னும் மரியாதையா எடுத்துப்பான்டா."

"இது ரயில்வே இல்லப்பா."

ஆனாலும் போனான். விடிவதற்குள் கிளம்பி, இரண்டு பஸ் மாறி.

எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. கம்பெனிக்குப் பக்கத்து வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருந்தான். அந்த வீட்டு மராத்தி அம்மாளை அவன் காக்கு என்பான், சித்தி மாதிரி. போன் வந்தால் சுவரைத் தட்டிக் கூப்பிடுவார். ஏப்ரலில் ஒரு சாயங்காலம், அவன் போசரியிலிருந்து திரும்பிச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, காக்கு சிரித்துக்கொண்டே வந்தார். எங்களோடு அவர் பேசுவது இந்தியில்.

"பேட்டா, பாணேர்லேர்ந்து ஒரு பொண்ணு பேசினா. பையன் வேலைக்குப் போறானா, சும்மா இருக்கானான்னு கேட்டா. விடுவேனா நான்? பெரிய ஃபேக்டரியில ஆபீசர்னு சொல்லிட்டேன்! ரொம்ப சந்தோஷம்னு சொல்லி வெச்சுட்டா."

மகன் காக்குவுக்கு நன்றி சொன்னான். அவர் வாசல் தாண்டும்வரை நின்றான். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் யார் யார் காத்திருக்காங்கன்னு பாத்திருக்காங்கப்பா. வேலை கிடைச்சவன் பேரை எடுத்துடுவாங்க."

"அந்தம்மா தெரியாம சொல்லிட்டாங்கன்னு போய்ச் சொல்லுடா" என்றாள் என் மனைவி.

"அவங்க சொன்னது பொய் இல்லையேம்மா."

மறுநாள் லீவு போட்டு அவனோடு பாணேர் போனேன். என்னை கேட்டுக்குள் விடவில்லை. எதிரே டீ வண்டியருகில் நின்று, கழுத்தில் அட்டை தொங்க உள்ளே போகிறவர்களை எண்ணினேன். நூற்றுப் பத்தோடு நிறுத்திவிட்டேன். எல்லோரும் அவன் வயதுப் பிள்ளைகள்.

வெளியே வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"இப்போ வேலை பாக்கறியான்னு கேட்டாங்க. நேத்து வரைக்கும்னேன்."

"அப்போ போசரி?"

"விட்டாச்சு."

"இங்க?"

"பேரைத் திரும்பச் சேர்த்திருக்காங்க. கூப்பிடுவாங்களாம்."

"எப்போ?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். இருந்த வேலையும் போயிற்று, வரவேண்டியதும் வரவில்லை, ஜூனுக்கு ஏழே வாரம். "அறிவிருக்காடா உனக்கு?" என்று பஸ்ஸிலேயே கத்தினேன். தமிழ் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பையன் ஏன் வீட்டில் இருக்கிறான் என்று காக்கு கேட்டபோது காய்ச்சல் என்றாள் என் மனைவி. ஒரு வாரத்துக்குமேல் காய்ச்சல் தாங்கவில்லை. மஞ்சள் காமாலை என்று மாற்றினாள். காக்கு தினமும் கரும்புச்சாறு வாங்கி அனுப்பினார். மே மாத வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் குடித்தான். அடுத்த வீட்டில் ஆணி அடித்தால்கூட மூன்று பேரும் எழுந்து நிற்போம்.

முதல் மழை பெய்த அன்று சுவர் தட்டப்பட்டது. வெறுங்காலோடு ஓடினான். நானும் என் மனைவியும் காக்கு வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டோம். "யெஸ் மேடம்" என்றான். மறுபடியும் "யெஸ் மேடம்". பிறகு, "திங்கட்கிழமையா?" ரிசீவரை வைத்துவிட்டு, "பாணேர்ல சேரச் சொல்லிட்டாங்க" என்றான்.

காக்கு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"காமாலையே இறங்கலை, அதுக்குள்ள ஆபீசர் வேலையை விட்டுட்டு வேற வேலையா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு இடத்துல உட்காரத் தெரியாது! பாய்சாப், நீங்களாவது ரெண்டு அறை விடக்கூடாதா?"

"தப்புதான் காக்கு" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

நானும் தலையை ஆட்டினேன். அவர் திட்டிக்கொண்டே சமையலறைக்குப் போய் ஒரு பிடி சர்க்கரை கொண்டுவந்து அவன் வாயில் போட்டார். போட்ட பிறகும் திட்டு நிற்கவில்லை.