தளம் தாங்கும் என்றார் செக்ரட்டரி அங்கிள்

நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்து, அதில் மண்ணும் சாணமும் நிரப்பி, ஒரு வாழைக்கன்றை நட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார் செக்ரட்டரி அங்கிள். தில்லி ஜனக்புரியில் எங்கள் அடுக்ககத்துக்கு நான் குடிவந்த புதிதில், துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனபோது கண்ட காட்சி அது. “அடுத்த பொங்கலுக்கு இலை நம்ம மாடியிலதாம்மா” என்றார். அவருக்குப் பின்னால், மாடியின் நட்டநடுவில், அதே மாதிரி டிரம்கள் வரிசையாக நின்றன. ஈரத் துணியோடு நானும் நின்றுவிட்டேன்.

அவர் மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. போட்டியிட யாரும் துணிந்ததில்லை. மேல்தளத்தில், அந்தத் தோட்டத்துக்கு நேர் கீழேதான் அவர் வீடு. கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி என்று விளைந்ததையெல்லாம் வீடுவீடாகக் கொடுத்தனுப்புவார். தில்லியில் வாடாத கறிவேப்பிலையைக் கொடுப்பவரை எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் பிழைப்போ காங்கிரீட்டை உடைத்துப் பார்ப்பது. எங்கள் கட்டடத்தின் தளங்கள் அங்கேயே வார்த்தவை அல்ல. தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, சுவருக்குச் சுவர் பலகைபோல அடுக்கிய பிரீகாஸ்ட் ஸ்லாப்கள். நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் அத்தகைய ஸ்லாபின் இரு முனைகளையும் தாங்கலில் வைத்து நடுவில் அழுத்துவோம். மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். அமுக்கத்தைக் காங்கிரீட் தாங்கிக்கொள்ளும். இழுப்பை அடியிலுள்ள கம்பிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் அளவுக்கு மேல் போனால் அடிவயிற்றில் மயிரிழைபோல் விரிசல் ஓடும். பகலெல்லாம் இதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், இவர் மாடியில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்.

சங்கக் கூட்டத்தில் சொன்னேன். டிரம்மை எடுக்கக்கூடச் சொல்லவில்லை, சுவர் ஓரமாக நகர்த்தி வையுங்கள் என்றுதான் கேட்டேன்.

“ஓரத்துல வெயில் படாதும்மா” என்றார் அங்கிள்.

“நடுவுல பாரம் நின்னா ஸ்லாப் வளையும் அங்கிள்.”

“கட்டினவன் என்ன சொன்னான் தெரியுமா? யானையையே நிறுத்தலாம்னான்.”

“யானை கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடும். உங்க மண்ணு போகாதே. வருஷக்கணக்கா நின்னா அதுபாட்டுக்குத் தொய்ஞ்சுகிட்டே இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். “குச் நஹீ ஹோகா” என்று கையை வீசினார் கீழ்வீட்டு சர்தார்ஜி. ஒன்றும் ஆகாதாம். இந்த ஊரில் எந்தப் பேச்சையும் முடித்துவைக்க இந்த மூன்று வார்த்தைகள் போதும். “ஆபீஸ்ல உடைக்கதை ஆபீஸோட விட்டுரும்மா” என்றார் அங்கிள், அன்பாகவே. அந்த அன்புதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அதற்குப் பிறகும் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். அவரும் ஒவ்வொரு முறையும் கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைத் திணித்தார்.

சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில், ஞாயிறு காலை, அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். படுக்கையறையில் தரையிலிருந்து கூரைவரை மர அலமாரி. அதன் கதவு திறக்கவில்லை. “மிஸ்திரி வந்து இழைச்சுட்டுப் போனான்மா. மறுபடியும் பிடிக்குது. மழைக்கு மரம் ஊதுதுங்காரு இவரு.”

நான் மரத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். பலகைகளின் நடுவில், குறுக்காக, நான் தினமும் பார்க்கிற அதே மயிரிழைகள். கூரை இறங்கி அலமாரியின் தலையில் உட்கார்ந்திருந்தது. மாடிக்கு ஓடினேன். சருகும் மண்ணும் வடிகாலை அடைத்து, டிரம்களைச் சுற்றிக் குளம்போல் தண்ணீர் நின்றது.

திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன். ஆன்ட்டியின் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அங்கிளின் கட்டில் மட்டும் அறை நடுவில், விசிறிக்குக் கீழே.

“இதை எப்ப நகர்த்தினீங்க ஆன்ட்டி?”

“நீ மீட்டிங்ல பேசினேல்லா, அன்னைக்கே.”

“அப்போ அங்கிள்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா கேக்கிற மனுசனா? ஓரத்துல காத்து வரலைன்னு அங்கேயே படுத்திருக்காரு.”

இவ்வளவு காலம் ஒரே ஒருவர் என் பேச்சைக் கேட்டிருக்கிறார், அதையும் என்னிடம் சொல்லவில்லை! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், இருவரையும் வீட்டைவிட்டு வெளியே வரச்சொல்லிக் கத்தினேன். மதியத்துக்குள், தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவர் இரும்பு முட்டுகளோடு வந்து கூரைக்கு முட்டுக் கொடுத்தார். அதன்பிறகு வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றினோம். மண்ணை அள்ளும்போது, ஆட்கள் தடுத்தும் கேளாமல் அங்கிள் தானும் வாளி எடுத்தார். வாழையை வெட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கூரை திரும்ப மேல போயிருமா?” என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதேயில்லை.

“கொஞ்சம் போகும் அங்கிள். முழுசாப் போகாது.”

அவர் ஆன்ட்டியின் பக்கம் பார்க்கவில்லை. அன்று மாலையே தன் கட்டிலைப் பிரித்து முன்னறைக்குக் கொண்டுபோனார்; ஆன்ட்டியினுடையதையும் சேர்த்து. பிறகு கூரைக்கு அடியில் இரும்பு உத்தரம் கொடுத்துச் சரிசெய்தார்கள். மனிதர் மாறிவிட்டார் என்று நம்பித்தான் அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அங்கிள் எழுந்து நின்று தொண்டையைச் செருமி, “மாடியில தண்ணி தேங்கவே கூடாதுன்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்” என்று ஆரம்பித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அவரும் ஆன்ட்டியும் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். நான் இன்னும் அதே கட்டடத்தில், இன்னும் காங்கிரீட்டை உடைத்துக்கொண்டு. போன வாரம் அங்கிளிடமிருந்து போன். மாப்பிள்ளை மாடியறையில் உடற்பயிற்சி மிஷின்களை நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறாராம்.

“ஓரமா வைங்க, வளையும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன். கேக்கவே மாட்டேங்காரும்மா. ஒண்ணும் ஆகாதுன்னு சிரிக்காரு. இப்படி ஒரு மனுசன் இருப்பானா, சொல்லு?”

போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.