முன்பக்கம் ஆடுகிற சைக்கிள்

ஒரு சைக்கிள் கம்பெனி புதிதாக இறக்கிய மலை சைக்கிளைப் பற்றி எங்கள் தெருவில் கருத்துச் சொல்லாதவர் யாருமில்லை. இத்தனைக்கும் அதை ஓட்டப்போகிறவள் நான். என்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எரிச்சலாகத்தான் வருகிறது.

அப்போது நான் கும்பகோணம் பக்கம் பாபநாசத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் குவைத்தில். தெருவில் பாதி வீடுகளில் ஆம்பிளைகள் வெளிநாட்டில் இருந்த காலம் அது. எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போக வாய்க்கால் கரைதான் வழி. கரைமேல் ரோடு போடுகிறோம் என்று கப்பிக்கல்லைக் கொட்டியவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தார் வரவே இல்லை.

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் விடியும்போதே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு எங்கள் ஊரில் பஸ் கிடையாது. என் பழைய லேடீஸ் சைக்கிளில் அந்தக் கப்பிமேல் போய் இறங்கினால் ஹேண்டில்பாரைப் பிடித்த இரண்டு கையும் மரத்துப்போயிருக்கும். விரல் நுனியில் உணர்ச்சியே இருக்காது. அந்தக் கையோடு வயதானவர்களுக்கு நரம்பு தேட வேண்டும். நரம்பைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். ஊசி தவறிவிட்டால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "பரவாயில்லம்மா" என்று மறு கையை நீட்டுவார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

லீவில் வந்த வீட்டுக்காரர் உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். சங்கிலி என்பேன், வளையல் என்பேன் என்று நினைத்துக் கேட்ட கேள்வி அது. நான் அந்த சைக்கிள் என்றேன். கும்பகோணத்தில் ஒரு கடை வாசலில் அதை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். தடித்த டயர், கியர், முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங். பின்பக்கம் சாதா சைக்கிள் மாதிரி கெட்டி. ஹேண்டிலை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தேன். இறங்கி, மெதுவாக எழுந்து வந்தது. என் கைக்கு வேண்டியது அதுதான் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

வாங்கப் போன அன்று கடைக்காரர் என் வீட்டுக்காரரிடம், பையன் எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டார். எங்களுக்குப் பையனே கிடையாது. இவங்க ஓட்டுறதுக்குத்தான் என்று இவர் என்னைக் காட்டினார். கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்பவும் இவர் பக்கமே திரும்பி கியர் மாற்றுவது எப்படி என்று விளக்க ஆரம்பித்தார். சீட்டை இவர் கால் உயரத்துக்கு ஏற்றி வைத்தார். நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தெருவே கூடிவிட்டது. மாமா, அதாவது என் மாமனார், சைக்கிளை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்தார். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை. "முழு சைக்கிளுக்குக் காச வாங்கிக்கிட்டு பாதி சைக்கிளக் குடுத்து அனுப்பியிருக்கான்" என்றார். அத்தைக்கு நடுவில் இருந்த பார்தான் பெரிய கவலை. ஒரு பொம்பளை காலைத் தூக்கிப் போட்டு எப்படி ஏறுவாள் என்று என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த கோடிவீட்டுக்காரர் டயரை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அங்கே இதையெல்லாம் குப்பையில் போடுவார்களாம். முன்னால் இருக்கிற ஸ்பிரிங் சும்மா ஷோவுக்காம். அவர் அங்கே எந்த சைக்கிளும் ஓட்டியதில்லை என்பது அவர் மனைவியே சொல்லி எனக்குத் தெரியும்.

ஸ்பிரிங் வைத்தால் பின்னாலும் வைக்க வேண்டும், முன்னால் மட்டும் வைத்தால் அரைவேலை என்றார் இன்னொருவர். தஞ்சாவூர் ஜில்லாவில் மலை எங்கே இருக்கிறது, மலை சைக்கிள் எதற்கு என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதம் முழுக்க அதே கேள்வியை வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரித்தார்கள். அந்தக் கம்பெனிக்காரன் எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு நடை வந்திருந்தால் மலையே மேல் என்று ஓடியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வந்தோம். அவரும் தீர்த்தம் தெளித்த கையோடு, பெல் இல்லையே என்றார். உருப்படியான கருத்து அது ஒன்றுதான், உடனே பெல் மாட்டினேன்.

சீட்டை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். கப்பிமேல் சக்கரம் குதித்தது, என் கை குதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இறங்கிக் கையைக் கழுவியபோது தண்ணீர் சில்லென்று இருந்தது விரல் நுனிவரை தெரிந்தது. அன்றைக்கு யாருக்கும் இரண்டாவது ஊசி போடவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்காரர் குவைத்துக்குத் திரும்பினார். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் சைக்கிள் என்றால் அது எத்தனை மூட்டை தாங்கும் என்பதுதான் கேள்வி. ஆள் உட்கார்ந்து போவதெல்லாம் மூட்டை இல்லாதபோதுதான். என் விடுமுறை நாளில் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கேரியரும் ஸ்டாண்டும் மாட்டிக்கொண்டு வந்தார். நாற்றங்காலில் இருந்து வயலுக்கு நாற்றுமுடி கொண்டுபோக ஆரம்பித்தார். கேரியரில் அடுக்கியது போக, மிச்சத்தை ஹேண்டிலில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். தண்ணீர் சொட்டுகிற நாற்று என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் அமுங்கியது. ஒரு நாள் பாரத்தோடு சாய்ந்து நாற்றெல்லாம் வாய்க்காலில் போய்விட்டது.

அந்த வாரம் நான் சீர்காழியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாமா வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சைக்கிளின் முன்பக்கம் ஸ்பிரிங் இருந்த இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்து, மேலே கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. பெயிண்ட் பிசிறு இல்லாமல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

"கம்பெனிக்காரன் லூசா விட்டுட்டான்ம்மா. பட்டறையில குடுத்து இறுக்கிட்டேன். இனிமே ஆடாது, நீ தைரியமா ஓட்டலாம்."

எனக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் நின்றவரிடம் என்னத்தைச் சொல்வது. உள்ளே போனேன். அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்து, பார்த்தியா உங்க மாமா சாமர்த்தியத்தை என்றார்.

மறுநாள் கரையில் போகும்போது பல்லோடு பல் இடித்தது. பழைய லேடீஸ் சைக்கிளே பரவாயில்லை என்று இருந்தது. பெஞ்சில் முதலில் இருந்தவர் ஒரு கிழவர். இடது கையில் தவறினேன், வலது கையிலும் தவறினேன். திரும்பவும் இடது கையை நீட்டினார். நான் பின்கட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வீட்டுக்காரர் போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது, நீ ஏதும் சொல்லிவிடாதே, வயசானவர் மனசு கஷ்டப்படும், அடுத்த லீவில் வந்து வேற வாங்கிக்கொள்ளலாம் என்றார். அப்பா மனசு, அப்பா வயசு, தன் லீவு, எல்லாம் அவர் பேச்சில் இருந்தது. என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி என்று போனை வைத்துவிட்டேன்.

ஆனால் அடுத்த லீவு வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. சம்பளம் வந்ததும் சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வெல்டிங்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். முன்பக்கத்தையே கழற்றிப் புதுசு போட வேண்டும் என்றவர், எதற்கும் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றார்.

"சார் இத ஓட்டுறதில்லங்க. நான்தான் ஓட்டுறேன். மாத்துங்க."

கேரியரையும் கழற்றச் சொன்னேன். கழற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா நாற்றங்காலுக்குக் கிளம்பும்போது சைக்கிளைப் பார்த்தார். கேரியர் இல்லாததையும் முன்பக்கம் மாறியிருப்பதையும் பார்த்தார். ஒரு நடை மட்டும் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று பூட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார்.

"தர மாட்டேன் மாமா. இது வேலை பார்க்குற என் கைக்கு வாங்குனது. நாத்துக்கு வாங்குனது இல்ல."

நீட்டிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். அப்புறம் வாடகைக்கு மாட்டுவண்டி பிடித்து நாற்றுக் கொண்டுபோனார்கள். அறுப்பு வந்தும் அவர் என்னோடு பேசவில்லை. இப்போது தெருவின் பேச்சில் சைக்கிள் போய் நான் வந்தேன். குவைத் காசு பேசுகிறது என்றார்கள், மாமனாரை எதிர்த்தவள் என்றார்கள். வருத்தம் வரும் என்று நானும் பார்த்தேன், வரவே இல்லை.

அறுப்பு முடிந்து மாமாவுக்குக் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. சர்க்கரை பார்க்கச் சொல்லி டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார். ஒரு நாள் விடிகாலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டேன், வந்து உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். வெயிலில் காய்ந்த தடித்த தோல், நரம்பு கண்ணுக்கே தெரியவில்லை. தடவினேன், விரலுக்குக் கீழே மெல்ல எழும்பி வந்தது. ஒரே குத்தில் சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறியது. எப்போது குத்தினேன் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனவர், அத்தனை மாதத்துக்குப் பிறகு என்னைப் பற்றி வாயைத் திறந்து, பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

"நம்ம மருமவதான். அதுக்குக் கைராசி."

ராசியாம்.